பேரிடருக்குப் பின் எழுந்த வீடுகள்: லாத்தூர் முதல் நம் கடற்கரை வரை



மலருக்கு ஒரு வரலாற்றுக் கட்டுரை வேண்டும் என்று கூட்டமைப்புக் கூட்டத்தில் கேட்டார்கள். நான் பத்தாம் வகுப்பு வரைதான் படித்தவள். மன்னர்கள் வரலாறு எழுத எனக்குத் தெரியாது. ஆனால் நாம் குடியிருக்கிற சுனாமி வீட்டுக்கும் ஒரு வரலாறு இருக்கிறது. இந்த வீடு ஏன் இந்த இடத்தில் வந்தது, ஏன் இந்த அளவில் வந்தது, பட்டாவில் ஏன் பொம்பளை பேரும் இருக்கிறது என்று நம் பிள்ளைகள் கேட்டால் சொல்லத் தெரியணும் இல்லையா? இன்னொரு காரணமும் இருக்கு. இந்த வீடுகள் கட்டி இப்போது பதினேழு, பதினெட்டு வருஷம் ஆகிவிட்டது. அடுத்து என்ன செய்வது என்று நாம் முடிவெடுக்க வேண்டிய நேரம் இது. அதற்கு முன்னால் மற்ற ஊர்களில் என்ன நடந்தது என்று தெரிந்துகொள்வது நல்லது.

முன்பு இருந்த வீடுகள்

நாகப்பட்டினம் பக்கம் புயல் புதுசு இல்லை. 1952 நவம்பர் கடைசியில் ஒரு புயல், 1977 நவம்பர் 12-ஆம் தேதி ஒரு புயல். "எழுபத்தேழு புயல்" என்று சொன்னாலே நம் ஊர் வயசானவங்க முகம் மாறும். அப்போது முக்கால்வாசி வீடு மண் சுவர், மூங்கில், கீத்துதான். காற்று அடித்தால் கூரை போகும். மறு வாரம் ஊரே சேர்ந்து மூங்கில் வெட்டி, கீத்து முடைந்து மேய்ந்துவிடுவார்கள். செலவு குறைவு, வேலை தெரிந்த கை ஊரிலேயே இருந்தது. ஆனால் ஒவ்வொரு தடவையும் அதே வீட்டைத்தான் திரும்பக் கட்டினோம். அடுத்த காற்றுக்கும் அது போகத்தான் செய்யும். வட்டிக்கு வாங்கிக் கூரை மேய்ந்து, கடன் அடைவதற்குள் இன்னொரு புயல் வரும். நம் பாட்டிமார் நகை எல்லாம் இப்படித்தான் அடகுக் கடைக்குப் போனது.

விழுந்ததை அப்படியே கட்டாமல், அடுத்த தடவை விழாதபடி கட்டணும் என்ற எண்ணம் நம் நாட்டில் பெரிய அளவில் செயலுக்கு வந்த கதை மகாராஷ்டிராவில் இருந்து தொடங்குகிறது.

லாத்தூர், 1993

1993 செப்டம்பர் 30 அதிகாலை நாலு மணி சுமாருக்கு மகாராஷ்டிராவில் லாத்தூர், உஸ்மானாபாத் மாவட்டங்களில் பூமி அதிர்ந்தது. கில்லாரி என்ற ஊரைச் சுற்றி கிராமம் கிராமமாக அழிந்தது. சுமார் 8,000 பேர் இறந்தார்கள் என்று அரசுக் கணக்கு. எல்லோரும் தூக்கத்தில் இருந்த நேரம்.

அந்த ஊர் வீடுகள் பார்க்க ரொம்பப் பலமாக இருக்கும். இரண்டு அடி, மூன்று அடி கனத்தில் கருங்கல் சுவர். வெயிலுக்காகக் கூரை மேல் கனமாக மண்ணைப் போட்டிருப்பார்கள். ஆனால் கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் வெறும் மண் சாந்துதான். சுவரின் வெளிப்பக்கக் கல்லும் உள்பக்கக் கல்லும் ஒன்றோடு ஒன்று கோர்க்காமல் இருந்தது. பூமி ஆடினதும் சுவர் இரண்டாகப் பிளந்து, மேலே இருந்த மண் எல்லாம் ஆள் மேல் விழுந்தது. கொன்றது பூகம்பம் என்பதை விட வீடு என்றுதான் சொல்லணும்.

அரசு இரண்டு விதமாக வேலை செய்தது. மிகவும் அழிந்த 52 கிராமங்களை வேறு இடத்துக்கு மாற்றி, புதுசாகக் கட்டிக் கொடுத்தார்கள். நேர் நேரான தெரு, வரிசை வீடு. பார்க்க அழகுதான். ஆனால் வயலுக்கும் வீட்டுக்கும் தூரம், அக்கம்பக்கத்து உறவு பிரிந்து போனது என்று பலருக்கு மனக்குறை. மற்ற ஆயிரத்துக்கும் மேற்பட்ட கிராமங்களில், விரிசல் விட்ட வீட்டை அதே இடத்தில் அவரவரே பழுது பார்த்துப் பலப்படுத்திக்கொள்ளப் பணமும் யோசனையும் கொடுத்தார்கள்.

இந்த இரண்டாவது வழியில்தான் நம்மைப் போன்ற பெண்கள் வருகிறார்கள். பிரேமா கோபாலன் அவர்கள் நடத்திய "ஸ்வயம் சிக்ஷண் பிரயோக்" என்ற அமைப்பு, மகளிர் மன்றத்துப் பெண்களை அரசுக்கும் ஊருக்கும் நடுவில் தகவல் சொல்லும் ஆளாக நியமிக்க ஏற்பாடு செய்தது. "சம்வாத் சகாயக்" என்று பேர். பேச்சுக்கு உதவி செய்பவர் என்று அர்த்தம். யாருக்கு எவ்வளவு பணம், எந்தத் தவணை எப்போது, எஞ்சினியர் என்ன சொன்னார் என்று வீடு வீடாகச் சொன்னது அவர்கள்தான். சுவரின் இரண்டு பக்கத்தையும் கோர்க்க நீளக் கல்லைக் குறுக்கே வைக்கணும், ஜன்னல் வாசலுக்கு மேலே நாலு சுவரையும் சுற்றி ஒரு காங்கிரீட் பெல்ட் போடணும் என்று கற்றுக்கொண்டு, கொத்தனார் வேலை செய்யும்போது பக்கத்தில் நின்று பார்த்தார்கள். முக்காடு போட்டு வாசலில் நின்றவர்கள் சிமெண்டு கலவை விகிதம் பேசினார்கள் என்றால் சும்மா விஷயமா?

கட்ச், 2001

2001 ஜனவரி 26, குடியரசு தினம். காலை 8.46 மணிக்கு குஜராத்தில் கட்ச் பகுதியில் 7.7 அளவில் பூகம்பம். பூஜ், பச்சாவ், அஞ்சார் ஊர்கள் தரைமட்டம். சுமார் 13,800 பேர் இறந்ததாக அரசுக் கணக்கு.

இங்கே குஜராத் அரசு, லாத்தூரில் கிடைத்த பாடத்தை எடுத்துக்கொண்டது. ஒப்பந்தக்காரரை வைத்து எல்லா வீட்டையும் கட்டித் தருவதற்குப் பதில், வீட்டுக்காரர் கையிலேயே கட்டும் வேலையைக் கொடுத்தார்கள். பணம் மூன்று தவணையாக வங்கிக் கணக்கில் வரும். ஒரு கட்டம் முடிந்ததும் எஞ்சினியர் வந்து பார்ப்பார். சொன்ன மாதிரி பெல்ட், கம்பி எல்லாம் போட்டிருந்தால்தான் அடுத்த தவணை. ஆயிரக்கணக்கான கொத்தனார்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். கணவன் மனைவி இரண்டு பேர் பெயரிலும் வீடு என்ற முறையும் வந்தது. இப்படி சுமார் 2 லட்சம் வீடுகள் புதிதாக எழுந்தன. பழுது பார்த்தது அதற்கும் மேல் பல லட்சம்.

லாத்தூர் பெண்கள் பஸ் ஏறி கட்சுக்குப் போனார்கள். மொழி வேற. ஆனாலும், "எங்களுக்கும் இப்படித்தான் ஆச்சு, நீங்க இதை இதைக் கேட்டு வாங்குங்க" என்று உட்கார்ந்து பேசினார்கள். அதிகாரி சொன்னால் நம்பாத விஷயத்தை, அதே துக்கம் பட்ட இன்னொரு பெண் சொன்னால் நம்புவோம்தானே.

கட்சில் இன்னொரு அதிசயமும் உண்டு. அங்கே பன்னி என்ற பகுதியில் "பூங்கா" என்று ஒரு பழைய வகை வீடு. நம் பூங்கா இல்லை, அவங்க பாஷையில் வட்ட வடிவ வீட்டுக்கு அந்தப் பேர். மண் சுவர், கூம்புக் கூரை. காங்கிரீட் மாடி எல்லாம் சாய்ந்த நேரத்தில் இந்த வட்ட வீடுகள் நிறைய நின்றது. மூலை இல்லாத வட்டச் சுவர் ஆட்டத்தைப் பங்கு போட்டுக்கொள்ளும், கூரையும் கனமில்லை. பழசு என்றால் எல்லாம் மோசம், காங்கிரீட் என்றால் எல்லாம் பலம் என்று நினைக்கக் கூடாது என்பதற்கு இது உதாரணம்.

நம் கடற்கரை, 2004

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. காலை ஆறரை மணிக்கு சுமத்ரா பக்கம் கடலுக்கு அடியில் பூமி பிளந்தது. ஒன்பது மணி வாக்கில் நம் கரைக்குத் தண்ணீர் வந்தது. இடையில் இரண்டரை மணி நேரம் இருந்தும் சொல்ல ஒரு ஏற்பாடு இல்லை. ஹைதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் 2007-இல்தான் வந்தது.

நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேல் இறந்தார்கள். தமிழ்நாட்டில் இறந்தவர்களில் பெரும் பங்கு நம் மாவட்டம்தான். ஆண்களை விடப் பெண்களும் குழந்தைகளும் அதிகம். ஆழ்கடலில் இருந்த படகுக்கு அலை பெரிசாகத் தெரியவில்லை. கரையில் மீன் வாங்கக் கூடையோடு காத்திருந்ததும், வீட்டில் சோறு ஆக்கிக்கொண்டிருந்ததும் பெண்கள்தான். எனக்கு அப்போது பதினைந்து வயசு. அதைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை, எழுதினால் கட்டுரை நின்றுவிடும்.

முதலில் தற்காலிகக் கொட்டகை. பல இடத்தில் தார் ஷீட் போட்டது. பகலில் உள்ளே இருக்க முடியாது, அவ்வளவு அனல். 2005 கடைசியில் மழை கொட்டியபோது கொட்டகைக்குள் தண்ணீர். ஆறு மாதம் என்று சொன்னது, பல குடும்பத்துக்கு இரண்டு வருஷம், அதற்கும் மேல் என்று ஆனது.

நிரந்தர வீட்டுக்கு 2005 ஜனவரியிலும் மார்ச்சிலும் அரசாணைகள் வந்தன. அதில் உள்ள முக்கிய விஷயங்களை நம் உறுப்பினர்கள் தெரிந்துவைக்கணும். கடல் ஏற்றக் கோட்டில் இருந்து 200 மீட்டருக்குள் வீடு இழந்தவர்கள், உள்ளே தள்ளி வந்தால் சுமார் 1.5 லட்சம் ரூபாய் மதிப்பில், 325 சதுர அடி வரையில் இலவச வீடு. வர விருப்பமில்லை என்றால் பழைய இடத்தில் சொந்தச் செலவில் பழுது பார்த்துக்கொள்ளலாம், ஆனால் அரசு உதவி கிடையாது. தொண்டு நிறுவனங்கள் ஊரைத் தத்தெடுத்துக் கட்டலாம். வீடு கணவன் மனைவி இருவர் பெயரிலும்.

குஜராத்தில் பணத்தைக் கையில் கொடுத்தார்கள், இங்கே பெரும்பாலும் கட்டி முடித்த வீட்டைக் கொடுத்தார்கள். இதில் நல்லதும் உண்டு, கெட்டதும் உண்டு. நம்மில் பலருக்கு நிலப் பத்திரமே கிடையாது, வீட்டு ஆளையே இழந்து நின்றோம். அந்த நேரத்தில் கட்டு என்று பணத்தைக் கொடுத்திருந்தால் எல்லோரும் கட்டியிருப்போமா என்று சொல்ல முடியாது. கையில் வந்த பணம் முதலில் படகுக்கும் வலைக்கும்தான் போயிருக்கும். காரை வீடு என்பதே நம் பாட்டன் காலத்தில் இல்லாத ஒன்று. அது கிடைத்தது பெரிய விஷயம்.

ஆனால் கேட்டுக் கட்டின ஊருக்கும் கேட்காமல் கட்டின ஊருக்கும் வித்தியாசம் இன்றைக்கும் கண்ணுக்குத் தெரியுது. தரங்கம்பாடியிலும் சின்னங்குடியிலும் மீனவர் கூட்டுறவுச் சங்கங்களின் சம்மேளனமான சிஃப்ஸ், கட்டடக் கலைஞர் பென்னி குரியாகோஸ் அவர்களை வைத்து, மக்களோடு உட்கார்ந்து பேசி வீடு கட்டியது. சமையல் எங்கே, வாசல் எந்தத் திசை, மரத்தை எப்படிக் காப்பாற்றுவது என்று கேட்டுச் செய்தார்கள்.

பல இடத்தில் அப்படி நடக்கவில்லை. மட்டமாக நிலம் வேணும் என்று நின்றிருந்த தென்னை, வேம்பு, பூவரசு எல்லாம் வெட்டிவிட்டார்கள். கொஞ்சம் பழுதான நல்ல வீட்டைக் கூட, புதுசு கிடைக்கும் என்று இடித்த ஊர் உண்டு. நான் கல்யாணம் ஆகி வந்த குடியிருப்பில் ஒரு மரம் கிடையாது. பங்குனி, சித்திரையில் காங்கிரீட் தளம் சூடேறி ராத்திரி பன்னிரண்டு மணிக்கும் அனல் இறங்காது. திண்ணை இல்லை, வலை பின்ன இடம் இல்லை, கருவாடு காய வைக்க இடம் இல்லை. அடுப்படியில் புகை போக வழி இல்லை. தாழ்வான நிலத்தில் போட்டதால் ஐப்பசி மழைக்குத் தெரு குளம். குலுக்கல் போட்டு வீடு கொடுத்ததில் அண்ணன் ஒரு கோடி, தம்பி ஒரு கோடி. என் மாமியார் சொல்வார்கள், "பழைய தெருவுல ஒரு குரல் கொடுத்தா நாலு பேர் வருவாங்க, இங்க கதவைத் தட்டணும்"னு.

லாத்தூர், கட்ச் பெண்கள் நம் தமிழ்நாட்டுக் கரைக்கும் வந்து பேசினார்கள். 1989-இல் தருமபுரியில் தொடங்கின சுய உதவிக் குழு, நம் கடற்கரை ஊர்களில் பெருகியதும் சுனாமிக்குப் பிறகுதான். அதற்கு முன்னால் ஊர்ப் பஞ்சாயத்தில் பெண் பேச வழக்கம் கிடையாது. வீடு பற்றிப் பேச வேண்டி வந்ததால்தான் பலர் முதல் தடவை மனுவில் கையெழுத்துப் போட்டோம்.

இருவர் பெயர்

அரசாணையில் என்னைக் கேட்டால் பெரிய வரி, இருவர் பெயரில் வீடு என்ற அந்த வரிதான். எங்கள் தெருவில் ஒரு அக்கா. பேர் வேண்டாம். அவர் வீட்டுக்காரர் புது எஞ்சின் வாங்க வீட்டுப் பத்திரத்தை ஒருவரிடம் வைத்துப் பணம் வாங்கப் போனார். "சம்சாரம் கையெழுத்து வேணும்" என்று அந்த ஆள் சொல்லிவிட்டார். அக்கா போடவில்லை. வீட்டில் பத்து நாள் சண்டை. அடுத்த வருஷம் தொழில் நட்டமாகி எஞ்சினே விற்றுப்போச்சு. வீடு நின்றது, பிள்ளைகள் படிப்பு நின்றுபோகவில்லை. இன்றைக்கு அந்த அண்ணனே, "அன்னைக்கு இவ போடாதது நல்லதாப் போச்சு"ன்னு சொல்கிறார்.

பட்டாவில் பேர் இருந்தும் அதைக் கண்ணால் பார்க்காத பெண்கள் நம் குழுக்களிலேயே இருக்கிறார்கள். இது சரியில்லை.

கஜா, 2018

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யத்துக்குப் பக்கத்தில் கரை கடந்தது. தென்னை எல்லாம் படுத்துவிட்டது. சுனாமி வீடுகளுக்கு இது ஒரு பரீட்சை. எங்கள் ஊரில் காங்கிரீட் தளம் போட்ட வீடு ஒன்றும் விழவில்லை. அன்றைக்கு ராத்திரி ஒரு வீட்டில் முப்பது, நாற்பது பேர் உட்கார்ந்திருந்தோம். ஆனால் அதே வீட்டுக்குப் பின்னால் நாமே இறக்கின தகர ஷீட்டும் ஆஸ்பெஸ்டாஸும் பறந்தது. கொக்கி சரியாகப் போடாமல், மேலே கல்லை மட்டும் வைத்தால் அது கூரை இல்லை, காற்றில் பறக்கிற கத்தி.

இன்னொன்றும் அன்றைக்குத் தெரிந்தது. சுனாமி வீடு கடலோரத்தில் இருந்தவர்களுக்குத்தான் அதிகம் கிடைத்தது. உள்ளே தள்ளி வயல் வேலை செய்கிற குடும்பங்கள் கீத்து வீட்டிலேயே இருந்தார்கள். கஜாவில் எல்லாம் இழந்தது அவர்கள்தான். ஒரு ஊரில் பாதி வீடு பலமாகவும் பாதி வீடு பலவீனமாகவும் இருந்தால் அந்த ஊர் பலமான ஊர் கிடையாது. இரண்டு பக்கத்துப் பெண்களும் ஒரே கூட்டமைப்பில்தான் இருக்கிறோம்.

அதே 2018 ஆகஸ்டில் கேரளாவில் பெருவெள்ளம். அங்கே நம்மைப் போன்ற குடும்பஸ்ரீ குழுக்கள் வழியாக, வீட்டுச் சாமான் இழந்தவர்களுக்கு 1 லட்சம் ரூபாய் வரை வட்டியில்லாக் கடன் கொடுத்தார்கள், வட்டியை அரசு கட்டியது. சேறு புகுந்த வீடுகளைச் சுத்தம் செய்ததிலும் குடும்பஸ்ரீ பெண்கள் முன்னால் நின்றார்கள். குழு என்று ஒன்று முன்கூட்டியே இருந்ததால்தான் அவ்வளவு வேகம்.

இப்போது நம் வீடுகள்

இப்போது நம் வீட்டைப் பாருங்கள். தளத்தில் காரை பெயர்ந்து கம்பி தெரிகிறது. காரணம் கடல் உப்பு. உப்புக் காற்றும் ஈரமும் கம்பிக்குப் போனால் கம்பி துரு பிடிக்கும். துரு பிடித்த கம்பி பருக்கும், பருத்தால் காரையை வெளியே தள்ளும். கம்பிக்கு மேல் காங்கிரீட் கனம் குறைவாகப் போட்டிருந்தால், உப்புத் தண்ணீரில் கலவை போட்டிருந்தால் இன்னும் சீக்கிரம் நடக்கும். மேலே சுண்ணாம்பு அடித்து மறைத்தால் உள்ளே நோய் வளரும். துருவைத் தேய்த்து எடுத்து, கம்பிக்குத் துரு தடுக்கும் பூச்சு அடித்து, நல்ல கலவையால் மூடினால் வீட்டுக்கு ஆயுசு கூடும். விரிசல் சின்னதாக இருக்கும்போது செலவு சில ஆயிரம். தளம் இறங்கிய பிறகு லட்சத்தில்தான் பேச்சு.

இன்னொரு பிரச்சினை, அன்றைக்குப் பத்து வயசுப் பிள்ளைக்கு இன்றைக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. 325 சதுர அடியில் இரண்டு குடும்பம். மேலே மாடி எடுக்கலாமா என்று அஸ்திவாரம் தெரிந்த எஞ்சினியரைக் கேட்காமல் எடுக்கக் கூடாது. சிலர் மறுபடி கடலோரத்தில் கொட்டகை போட்டுவிட்டார்கள். அடுத்த அலைக்கு முதலில் நிற்கப் போவது அந்தப் பிள்ளைகள்தான்.

ஆகவே நம் கூட்டமைப்பு கீழ்க்கண்டவற்றை இந்த ஆண்டே தீர்மானமாகப் போட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

1. ஒவ்வொரு குழுவும் தன் உறுப்பினர் வீடுகளைப் பார்த்து ஒரு நோட்டில் எழுத வேண்டும். தளம், சுவர், விரிசல், தண்ணீர் தேங்கும் இடம், கூரை ஷீட்டின் கொக்கி எல்லாம். கீத்து வீடுகளின் பட்டியல் தனியாக. இந்த நோட்டோடு கிராம சபைக்குப் போனால் நம் பேச்சுக்கு ஒரு கனம் இருக்கும்.

2. வீடு பழுது பார்க்க என்று தனிச் சேமிப்பு. மாதம் இருபது ரூபாய் போட்டாலும் போதும். ஒரு வருஷத்துக்கு யாருக்கு முதலில் என்று கூட்டத்தில் முடிவு செய்யலாம்.

3. ஒவ்வொரு பெண்ணும் பட்டாவில் தன் பேர் இருக்கிறதா என்று கண்ணால் பார்க்க வேண்டும். இறந்தவர் பேர் மட்டும் இருந்தால் வாரிசு பேர் மாற்ற மனு கொடுக்க குழு துணை போக வேண்டும். நகல் எடுத்துத் தண்ணீர் புகாத கவரில் வைக்க வேண்டும்.

4. வீட்டுக்கு ஒரு மரம். வேம்பு, புங்கை, பூவரசு. வெட்டினதைத் திருப்பி வைப்பது நம் கடன்.

5. நம் பெண்களில் நாலு பேராவது கொத்தனார் பயிற்சிக்குப் போக வேண்டும். காலம் முழுக்க சித்தாளாகக் கல் சுமந்தது போதும். லாத்தூர் பெண்களால் முடிந்தது நம்மால் முடியாதா?

அடுத்த புயல் எந்த வருஷம் என்று யாருக்கும் தெரியாது. ஐப்பசி பிறக்க இன்னும் சில மாதம் இருக்கிறது. அதற்குள் அந்த நோட்டு வேலையை முடித்துவிட்டால், வருகிற மழைக்கு யார் வீட்டில் யார் தங்குவது என்றாவது நமக்குத் தெரிந்திருக்கும். வருகிற மாதக் கூட்டத்துக்கு எல்லோரும் உங்கள் பட்டாவைக் கையோடு எடுத்து வாருங்கள்.



இப்படிக்கு,
உங்கள் குழு சகோதரி,
நாகப்பட்டினம் மாவட்டம்